பல்லுக்கும் விரதம்

சரிகைக் கடை சுமதிநாத நயினாருக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் இரண்டு பெயர். முகத்துக்கு நேரே பெரியவர். முதுகுக்குப் பின்னால் ஆறு மணி.

சமண வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. காலங்காலமாக உள்ள ஒழுங்கு அது. முடிந்தவர்கள் கடைப்பிடித்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். சுமதிநாதனுக்குக் கடைப்பிடித்தால் மட்டும் போதவில்லை, காவலும் காக்க வேண்டியிருந்தது. கல்யாண வீட்டில் மாலைப் பந்தி நடந்தால் அவர் கண் இலையில் இருக்காது, மேற்குப் பக்கத்து ஜன்னலில் இருக்கும். "பொழுது போச்சு, கையக் கழுவுங்க" என்று குரல் கொடுப்பார். பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர்களை அடுத்த கணமே, "இலையில மிச்சம் வெச்சா அதுவும் பாவம்தான்" என்று பிடித்துக்கொள்வார். மென்றாலும் தப்பு, எழுந்தாலும் தப்பு என்று ஆன பிறகு மனிதர்கள் என்ன செய்வார்கள்? அள்ளி வாயில் அடைத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்கள். பரீட்சையில் பிட்டுக் காகிதம் பிடித்த வாத்தியாரைப் போல அவர் முகம் அப்போது மலர்ந்திருக்கும்.

பட்டுக்காகக் கொதிநீரில் சாகிற புழுக்களைப் பற்றி ஒருவன் அவரிடம் கேட்டுவிட்டான். "நான் விக்கிறது சரிகைப்பா. புழு செத்த பாவம் பட்டு விக்கிறவனோட போவட்டும்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

இந்தக் காவலால் வெளியாட்களுக்கு வந்த நஷ்டம் ஒருவேளைச் சாப்பாடு. வீட்டில் இருந்த மகள் சம்யுக்தாவுக்கு மூன்று மாப்பிள்ளைகள். முதல் வரன் வீட்டில் சமையலறைக் கூடையில் வெங்காயம் இருந்தது. இரண்டாவது பையன் ரயிலில் இருட்டிய பிறகு தயிர்சாதம் தின்றதாகத் தகவல் வந்தது. மூன்றாவது இடத்தில் குற்றம் ஏதும் அகப்படவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. சம்யுக்தாவுக்கு இருபத்தெட்டு முடிந்து, கூட்டுறவு வங்கியில் அவளுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களெல்லாம் பிள்ளைக்குக் காது குத்திக்கொண்டிருந்தார்கள். நான்காவதாக ஆரணியிலிருந்து அரிசி ஆலை தரணேந்திரனின் மகன் ரிஷப் வந்தான். சென்னையில் இன்ஜினீயர். பெண் பார்க்க வந்த அன்று சம்யுக்தாவிடம் அவள் வேலையைப் பற்றி அரைமணி நேரம் விசாரித்தான். அன்றைக்கு அவள் அம்மா மதனவதியிடம் ஒரே வரி சொன்னாள்: "இதுவும் கெட்டா, இனிமே யாரையும் கூப்பிடாதீங்க."

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தை மாதம் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. சுமதிநாதனுக்கு அப்போது வாயில் ஏழு பற்கள் இருந்தன. ஏழும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் மூலைக்கொன்றாக நின்றன. அதுவரை கண்ணாடியில் பார்த்து அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. ஆரணிக்காரர்கள் வீடியோ எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டதும் கவலை வந்தது.

உள்ளூர் டாக்டரிடம் போனால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் சூரத்துக்குச் சரிகை பார்க்கப் போவதாகக் கடையில் சொல்லிவிட்டு வேலூருக்குப் போனார். அங்கே டாக்டர் கலாவதி ஏழையும் பிடுங்கிவிட்டு, ஈறு ஆற மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார்.

"மூணு மாசமா? அடுத்த மாசம் பொண்ணுக்கு நிச்சயம்மா."

"ஈறு சுருங்கிக்கினே இருக்குமே ஐயா. இப்பவே செட்டு மாட்டினா லொடலொடன்னு ஆடும்."

"ஆடினா நான் பாத்துக்கிறேன். நீங்க மாட்டுங்க."

இரண்டாவது சூரத் பயணத்தில் செட் கிடைத்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, வரிசையாக இருபத்தெட்டுப் பற்கள். பதினெட்டு வயதில்கூட அவருக்கு இப்படி இருந்ததில்லை. டாக்டர் முதல் மாதத்துக்கு மிருதுவான சாப்பாடு சொன்னார்.

"உருளைக்கிழங்கை நல்லா மசிச்சுச் சாப்பிடுங்க."

"மண்ணுக்குள்ள விளையறதை நாங்க தொடறதில்ல."

"கேரட் சூப்பு?"

"அதுவும் மண்ணுக்குள்ளதான்."

"முட்டை கேக்கவே வேணாம், இல்ல? சரி, ஈறு புண்ணானா தேன் தடவுங்க."

"தேனா? ஆகாதும்மா."

"அப்ப பட்டினி கிடங்கன்னு சொல்லட்டுமா?"

"அது எங்களுக்குப் பழக்கம்தான்" என்றார் சுமதிநாதன் பெருமையாக.

ஒட்டுகிற பண்டம் கூடாது, இரண்டு பக்கமும் சமமாக மெல்ல வேண்டும், தினம் கண்ணாடி முன்னால் நின்று உரக்கப் படித்துப் பழக வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் டாக்டர் ஒன்றை அழுத்திச் சொன்னார். ராத்திரி செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். காய விட்டால் வளைந்துவிடும்.

இங்கேதான் அவருடைய ஒழுங்கு குறுக்கே வந்தது. பொழுது சாய்ந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தொடாத மனிதர் அவர். அவருடைய பற்கள் மட்டும் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் மிதப்பதா? பற்கள் இப்போது அவருடையவைதானே? அது போகட்டும், தேங்கின தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் உண்டாகும். காலையில் அந்தச் செட்டை எடுத்து வாயில் வைத்தால் அத்தனை ஜீவனையும் மென்றதாக ஆகாதா? இப்படியெல்லாம் யோசித்து, வெள்ளை மல் துணி ஒன்றில் பற்களைச் சுற்றி, அலமாரியில் பூட்டி வைத்தார். பல்லும் விரதம் இருக்கட்டும் என்று தீர்மானம். டம்ளர் தண்ணீரில் பல் சிரிப்பதை வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமும் அதில் இருந்தது. விரதம் பாதி, வெட்கம் பாதி. ஆனால் அவர் தன்னிடம் சொல்லிக்கொண்டது விரதத்தை மட்டும்தான்.

பற்கள் மூன்று வாரம் ஒழுங்காக விரதம் இருந்தன. ஒவ்வொரு நாளும் காய்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தன. ஈறு தன் பங்குக்குச் சுருங்கியது. கடையில் வாடிக்கையாளரிடம் விலை சொல்லும்போது மேல் செட் தொப்பென்று கீழ் செட்டின்மேல் உட்காரும். காலையில் ஸ்தோத்திரம் சொன்னால் ஒவ்வொரு அடிக்கும் டக்கென்று ஒரு தாளம் விழும். அவர் நாக்கை மேலே முட்டுக் கொடுத்துப் பேசப் பழகிக்கொண்டார். அதனால் பேச்சு சுருங்கிற்று. வீட்டில் நிம்மதி பெருகிற்று. மறுபடி வேலூர் போய்ச் சரிசெய்துகொள்ளலாம்தான். ஆனால் ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை சூரத் போகிறவனை யார் நம்புவார்கள்?

எல்லாவற்றையும்விடச் சோதனை சாப்பாடு. முன்பு கால்மணி நேரத்தில் முடிகிற சாப்பாட்டுக்கு இப்போது ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. மாலைச் சாப்பாட்டுக்கு நான்கரைக்கே உட்கார்ந்தார். "இன்னாங்க, இவ்ளோ சீக்கிரம்?" என்று மதனவதி கேட்டபோது, "வயசாக ஆக ஒழுங்கு கூடணும்" என்றார். மதனவதி சோற்றைக் குழைய வடித்தாள். ஏன் குழைய வடிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நிச்சயதார்த்தத்தன்று மூன்று மணிக்கு வரவேண்டிய ஆரணி வேன், செய்யாறு தாண்டி டயர் வெடித்து, வீட்டு வாசலில் வந்து நின்றபோது மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். தட்டு மாற்றிவிட்டு விருந்து என்பதுதான் ஏற்பாடு. தாம்பாளங்கள் தயாராக இருந்தன. சுமதிநாதன் வாசற்படியிலேயே வானத்தைப் பார்த்தார்.

"முதல்ல சாப்பாடு. தட்டு அப்புறம் மாத்திக்கலாம். பொழுது நிக்காது."

தரணேந்திரன் பெரிய உடம்பும் பெரிய சிரிப்புமான மனிதர். "நீங்க சொன்னா சரிதான் சம்பந்தி. உங்க ஒழுங்கைப் பத்தி எங்க ஊர்லயே பேசிக்கிறாங்க" என்றார். சுமதிநாதனுக்குக் குளிர்ந்துவிட்டது.

மாடிக் கூடத்தில் பந்தி விரித்தார்கள். வரிசையின் தலைப்பில் சுமதிநாதன், பக்கத்தில் தரணேந்திரன், அப்புறம் ரிஷப், அவன் சித்தப்பாமார்கள். எதிர் வரிசையில் ஆரணி வீட்டுப் பெண்கள். வயதில் மூத்தவர் எழுந்தால்தான் மற்றவர்கள் எழலாம் என்பது பந்தி மரியாதை. அதையும் சுமதிநாதன் ஊரில் பலருக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்.

ஐந்தேகாலுக்கு இலையில் எல்லாம் விழுந்துவிட்டது. கலந்த சாதமும் கூட்டும் எப்படியோ போயின. இலையின் ஓரத்தில் இரண்டு அதிரசம் இருந்தது. எள் தூவி, வெல்லப்பாகு பதமாக இழுத்து, மதனவதி தன் கையால் சுட்டது. சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை ஒதுக்கினால் மிச்சம் வைத்த பாவம். அவரே வகுத்த பாவம். முதல் அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டார்.

முதல் கடி நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது கடியில் மேல் செட் இறங்கி அதிரசத்தில் ஊன்றிக்கொண்டது. மூன்றாவதில் கீழ் செட்டும் கிளம்பி வந்து சேர்ந்தது. இரண்டும் நடுவில் வெல்லத்தை வைத்துக்கொண்டு கோணலாகக் கட்டிப் பிடித்துக்கொண்டன. இதோடு எள் ஒன்று கீழ் ஈற்றுக்கும் செட்டுக்கும் நடுவில் புகுந்து ஊசியாகக் குத்தியது. நாக்கால் தள்ளிப் பார்த்தார். நாக்குக்குப் போக இடமில்லை. வாயைத் திறந்தால் இருபத்தெட்டுப் பல்லும் அதிரசத்தோடு ஒரே கட்டியாக இலையில் வந்து விழும். அதில் சந்தேகமே இல்லை.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அதிரசம் பிரமாதம்" என்றார் தரணேந்திரன். "வீட்லயே சுட்டதா?"

சுமதிநாதன் தலையை ஆட்டினார்.

"நெய்யிலயா, எண்ணெயிலயா?"

சுமதிநாதன் இன்னும் கொஞ்சம் ஆட்டினார். தரணேந்திரன் ஒரு கணம் பார்த்தார், பிறகு கண்களில் மரியாதை பொங்க, மகன் பக்கம் சாய்ந்து, "சாப்பிடறப்ப மௌனம்டா. அந்தக் காலத்துல முனிவருங்க இருந்தாங்களே, அந்த மாதிரி. கத்துக்கோ" என்றார். பேச்சு வரிசை முழுக்கப் பரவியது. எதிர் வரிசையில் இருந்த பெண்கள்கூட அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்கள். ஈற்றில் எள் குத்திக்கொண்டிருந்த நிலையிலும் சுமதிநாதனுக்கு அது இனித்தது. கண்ணைப் பாதி மூடி, முகத்தில் சாந்தம் வரவழைத்துக்கொண்டார்.

ஐந்து நாற்பதுக்கு எல்லா இலையும் காலி. சுமதிநாதன் இலையில் மட்டும் ஒன்றரை அதிரசம் மிச்சம். அவர் எழவில்லை, அதனால் யாரும் எழவில்லை. மனிதர்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள். ஐந்து ஐம்பதுக்கு விரல்களில் குழம்பு காய்ந்து இழுத்தது. ஒரு சித்தப்பா கையை உதறினார். மேற்கு ஜன்னலில் வெயில் சிவந்து, சுவரில் ஏறி, உத்தரத்தைத் தொட்டது. ஊரையே அந்த ஜன்னலைக் காட்டி எழுப்பியவர் இப்போது அதன் பக்கம் திரும்பவே இல்லை.

தரணேந்திரனுக்குப் பொறுமை குறைந்தது. தாழ்ந்த குரலில் சொன்னார்:

"சம்பந்தி, இருட்டறதுக்குள்ள தட்டு மாத்திடலாம்னு வீட்ல சொல்றாங்க. எங்க வழக்கத்துல பொண்ணோட அப்பா வாயால ஒரு வார்த்தை சொல்லணும். பொண்ணைக் குடுக்கறேன்னு. அது மட்டும் சொல்லிடுங்க. தட்டை இங்கயே எடுத்துக்கினு வரச் சொல்றேன்."

சுமதிநாதன் பலமாகத் தலையாட்டினார்.

"தலையாட்டினா பத்தாதுங்க. வார்த்தை வேணும்."

மறுபடி ஆட்டினார். இடது கையால் துண்டை எடுத்து வாயை மறைத்து, அந்த மறைவில் சரிசெய்துகொள்ளலாமா என்று பார்த்தார். இருபது ஜோடிக் கண்கள் அந்தத் துண்டையே பார்த்தன. மூலையில் வீடியோக்காரன் விளக்கை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். துண்டைக் கீழே போட்டார்.

தரணேந்திரனின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "மௌனம்னா சாமி காரியத்துக்கு வெச்சுக்கலாம். பொண்ணு காரியத்துக்குமா?" என்று கேட்டார். "மூணு இடத்தைத் திருப்பி அனுப்பினவர்னு வழியெல்லாம் சொன்னாங்க. நான்தான் நம்பல. எங்ககிட்ட இன்னா குறை கண்டீங்க? குறை இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. இலையில உக்கார வெச்சு அவமானப்படுத்தாதீங்க."

ரிஷப் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மா எதிர் வரிசையில், "வாங்க, கிளம்பலாம். டயர் வெடிச்சப்பவே நான் சொன்னேன்" என்றாள்.

ஒரு வார்த்தை. குடுக்கறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சுமதிநாதனுக்கு மகள்மேல் பாசம் இல்லையா? இருந்தது. மூன்று வரன்களைத் துரத்தியதுகூட அவளுக்காகத்தான் என்று அவர் மனதார நம்பினார். ஆனால் அந்த விளக்கு வெளிச்சத்தில், அத்தனை பேர் பார்க்க, வாயிலிருந்து பல் விழுவதை நினைத்ததும் தாடை இன்னும் இறுகிற்று. மகளைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. அவருக்கே அது தெரிந்தது. தெரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை.

உள் அறைக் கதவு திறந்தது. நிச்சயப் புடவையோடு சம்யுக்தா வெளியே வந்தாள். மணப்பெண் கூப்பிடாமல் வரக்கூடாது, வந்தாள். அப்பாவின் இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா. பல் செட்டைக் கழட்டி இலையில வெச்சுட்டு, சொல்லுங்க."

சுமதிநாதன் அவளை முறைத்தார். அவருக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

"எல்லாருக்கும் தெரியும்பா. அம்மாவுக்குத் தெரியும். கடையில இருக்கறவங்களுக்குத் தெரியும். பால் ஊத்தற மரியம்மாள், பெரியவருக்குப் புதுப் பல்லு நல்லா இருக்குதுன்னு எங்கிட்டயே சொல்லிச்சு. யாருக்கும் தெரியாதுன்னு நீங்க மட்டும்தான் நினைச்சுக்கினு இருக்கீங்க." அவள் குரல் அங்கே உடைந்தது. "தயவுசெஞ்சு வாயத் திறங்கப்பா."

அவர் உதடு ஒரு முறை துடித்தது. எல்லாரும் பார்த்தார்கள். உதடு மறுபடி மூடிக்கொண்டது.

சம்யுக்தா தரணேந்திரன் பக்கம் திரும்பினாள்.

"மாமா, குறை உங்ககிட்ட இல்ல. அதிரசத்துல எங்கப்பாவோட பல்லு மாட்டிக்கிச்சு. அவரால வாய் திறக்க முடியாது. தட்டை எங்கம்மாகிட்ட குடுங்க. அவங்க சொல்வாங்க."

தரணேந்திரன் சுமதிநாதனையும் இலையில் இருந்த ஒன்றரை அதிரசத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பல்லா?" என்றார். "பல்லுக்கா இவ்ளோ நேரம்?" சிரிக்கக் கூடாது என்று கொஞ்சம் முயன்றார். முடியவில்லை. சித்தப்பாமார்களுக்கும் முடியவில்லை. ரிஷப்தான் முதலில் எழுந்தான். மூத்தவர் உட்கார்ந்திருக்க, இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனான். அவன் பின்னால் வரிசை முழுக்க எழுந்தது. பெரியவர் எழுந்துவிட்டாரா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே தாம்பாளம் மாறுகிற சத்தம் மாடிக்குக் கேட்டது. மதனவதியின் குரலும் கேட்டது. "எங்க பொண்ணை உங்க வீட்டுக்குக் குடுக்கறோம்." சுமதிநாதன் வீட்டில் முப்பத்தைந்து வருஷத்தில் அவள் இவ்வளவு உரக்கப் பேசி அவர் கேட்டதில்லை. யாரோ சிரித்தார்கள். வீடியோக்காரன் எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொன்னான்.

யாரும் இல்லாத கூடத்தில் அவர் கடைசியாக வாயைத் திறந்தார். எல்லாம் ஒரே கட்டியாக இலையில் விழுந்தது. ஈற்றிலிருந்து எள்ளை விரலால் எடுத்தார். ஜன்னலில் வெளிச்சம் இல்லை.

மதனவதி இலைகளை எடுக்க மேலே வந்தபோது அவர் அதே இடத்தில் இருந்தார். கன்னம் உள்ளே போய், ஒரே நாளில் பத்து வயது ஏறிய முகம்.

"குடுக்கறேன்" என்றார். பல் இல்லாத வாயில் அது பாதி காற்றாக வந்தது. "பொண்ணைக் குடுக்கறேன்னு சம்பந்திகிட்ட சொல்லணும்."

"சொல்லியாச்சு. அவங்க வேன்ல ஏறிக்கினு இருக்காங்க."

"கல்யாணத் தேதி?"

"அதுவும் பேசியாச்சு. ரிஷப்பும் சம்யுக்தாவும் சேந்து ஒரு நாள் சொன்னாங்க, எல்லாருக்கும் சரின்னு பட்டுச்சு."

"எந்த நாளு?"

மதனவதி ஒவ்வொரு இலையாக மடித்துக்கொண்டே அவர் பக்கம் வந்தாள்.

"பத்திரிகை அடிச்சதும் உங்களுக்கும் ஒண்ணு எடுத்து வைக்கிறேன்" என்றாள். அவர் இலையிலிருந்து பல்லை எடுத்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தாள். எடுத்தார். அந்த இலையையும் மடித்துக்கொண்டு கீழே போனாள்.